நாடிழந்த மன்னர் நாடிய மருந்து

தஞ்சாவூர் ராஜ்யம் கைவிட்டுப் போனபோது மகாராஜா சரபோஜிக்கு வயது இருபத்திரண்டு.

1799-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி கும்பினியாருடன் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. காவிரியும் வெண்ணாறும் குடமுருட்டியும் வெட்டாறும் பாய்ந்து பொன் கொழிக்கும் நஞ்சைச் சீமை முழுவதும் கும்பினியார் வசம் போய்ச் சேர்ந்தது. வரி வாங்குவதும், வழக்குத் தீர்ப்பதும், படை வைப்பதும் இனி வெள்ளைக்காரத் துரைகளின் வேலை. மகாராஜாவுக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றியுள்ள சிறிது இடமுந்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன் பென்ஷனும், நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் தருவதாக ஏற்பாடு.

பென்ஷன் வாங்கும் ராஜாக்கள் அந்தக் காலத்தில் பலர் இருந்தனர். நாட்டியமும் வேட்டையும் விருந்துமாகப் பொழுதைப் போக்கி, பெயர் தெரியாமல் மறைந்தவர்களே அவர்களில் அதிகம். ஆனால் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் தஞ்சையில் சரபோஜியின் பெயர் வழங்கி வருகிறது. நாட்டை ஆள முடியாத மன்னர் நோயை ஆள முயன்றார். அவர் கதையில் மிகவும் சுவையான பகுதி அதுதான்.

இருட்டறையில் ஒரு சிறுவன்

சரபோஜி 1777-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி போன்ஸ்லே குலத்தில் பிறந்தவர். தஞ்சையை ஆண்ட துளஜா மகாராஜாவுக்குப் பட்டத்துக்குப் பிள்ளை இல்லை. ஆகையால் 1787-ல் பத்து வயதுகூட நிரம்பாத இந்தச் சிறுவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டில் துளஜாவும் கண்ணை மூடினார். மூடுவதற்கு முன்னால், தாம் பெரிதும் நம்பியிருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸிடம் பிள்ளையைக் கவனித்துக் கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

துளஜாவின் சகோதரர் அமரசிங்கர் பட்டத்துக்கு வந்தார். அதன்பின் சிறுவனின் நிலைமை பரிதாபமாயிற்று. அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தான். வெளிச்சமும் காற்றும் சரிவர இல்லாத அறை. எழுத்து வாசனை காட்ட ஆள் இல்லை. செய்தி அறிந்த ஷ்வார்ட்ஸ் கும்பினியாரிடம் முறையிட்டார். காவலும் படிப்பும் ஏற்பாடாயின. ஆனாலும் தஞ்சையில் இருப்பது ஆபத்து என்று பட்டது. 1793-ல் இளவரசரும் துளஜாவின் ராணிகளும் சென்னைக்கு அனுப்பி வைக்கப்பட்டனர்.

சென்னை வாசம் சரபோஜிக்கு இரண்டாவது பிறவி போல் ஆயிற்று. ஷ்வார்ட்ஸும் அவருடைய நண்பர் கெரிக்கே பாதிரியாரும் ஆங்கிலமும் கணிதமும் பூகோளமும் கற்றுக்கொடுத்தனர். மேனாட்டு விஞ்ஞான நூல்கள் அறிமுகமாயின. எதையும் கண்ணால் பார்த்து, கையால் எழுதி வைக்கும் பழக்கம் அப்போதே படிந்திருக்க வேண்டும்.

சுவீகார வழக்கு சரபோஜி பக்கம் தீர்ந்தது. 1798 ஜூன் மாதக் கடைசியில் பட்டாபிஷேகம் நடந்தது. அதைக் காண ஷ்வார்ட்ஸ் உயிரோடு இல்லை. அவர் அந்த ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதியே தஞ்சையில் காலமாகிவிட்டார். லண்டனில் புகழ்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு மன்னர் ஒரு சலவைக்கல் சிற்பம் செய்வித்தார். சாகக் கிடக்கும் குருவின் கையைப் பற்றிக்கொண்டு மாணவ மன்னர் நிற்கும் அந்தக் காட்சியைச் சிவகங்கைப் பூங்காவையொட்டிய தேவாலயத்தில் இன்றும் காணலாம். மன்னர் கடைசிவரை தம் சமயத்தை விடவில்லை, குருவையும் மறக்கவில்லை.

சத்திரத்தில் வைத்தியர்

அதிகாரம் போனாலும் தஞ்சை மகாராஜாக்களுக்கு ஓர் உரிமை மிஞ்சியிருந்தது. ராமேசுவர யாத்திரை போகிறவர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. அவற்றுக்கு விட்டிருந்த மானிய நிலங்களைப் பற்றி மன்னர் 1801-ல் கும்பினியாரின் ரெஸிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தம் குலத்தின் கௌரவம் அந்தச் சத்திரங்களில்தான் இருக்கிறது, அவற்றில் கை வைக்க வேண்டாம் என்பது அதன் சாரம்.

அந்தக் கடிதம் வெறும் சோற்றுக் கணக்கு அன்று. வழியில் நோய்வாய்ப்பட்டவர் குணமாகும்வரை சத்திரத்திலேயே தங்கலாம். அங்கே வைத்தியர் உண்டு. பாம்புக்கடிக்கும் வீக்கத்துக்கும் மருந்து அறிந்தவர்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் பார்த்துப் பத்தியம் கொடுத்து அனுப்புவார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைப்பார்கள். இறந்தவர்களுக்கு அவரவர் முறைப்படி கடைசிக் காரியம் நடக்கும் என்றெல்லாம் மன்னர் விவரித்திருக்கிறார். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரால் அவர் கட்டிய பெரிய சத்திரமும் இந்தக் கடிதத்தை ஒட்டிய காலத்தது.

நாதியற்ற யாத்ரீகர் ஆயிரக்கணக்கில் வந்து போகும் இடத்தில் எத்தனை விதமான நோய்கள் வந்து சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு எந்த மருந்து பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்று யார் கணக்கு வைப்பது?

தன்வந்திரி மகால்

அக்காலத்தில் நல்ல வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களுடைய மருந்து முறைகள் ரகசியமாக இருந்தன. தகப்பன் பிள்ளைக்குச் சொல்வான். பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்வான். பிள்ளை இல்லாத வைத்தியர் இறந்தால் மருந்தும் அவரோடு சிதையேறும். ஏட்டில் எழுதி வைத்தவர்களும் மூலிகையின் பெயரை மறைபொருளாக எழுதிவிடுவார்கள். பிழைத்த நோயாளியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு நடக்கும். பிழைக்காதவனைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

சரபோஜி இந்த இடத்தில்தான் கை வைத்தார். தன்வந்திரி மகால் என்ற பெயரில் ஒரு வைத்திய ஸ்தாபனத்தை நிறுவினார். சித்த வைத்தியர், ஆயுர்வேத பண்டிதர், யூனானி ஹக்கீம், இங்கிலீஷ் டாக்டர் ஆகிய நால்வகையாரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தார். ஒருவர் முறையை மற்றவர் இழிவாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இது சாமானியக் காரியம் அன்று. மனிதருக்கு மட்டுமின்றிக் கால்நடைகளுக்கும் அங்கே மருந்து தயாராயிற்று. மூலிகைகளைச் சித்திரக்காரர்களைக் கொண்டு வர்ணத்தில் எழுதி வைக்கச் செய்தார். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்கும் நாட்டில் படம் பொய் சொல்லாது அல்லவா?

உடற்கூறு கற்கவும் மன்னர் ஆசைப்பட்டார். மனித எலும்பைத் தொடுவது தீட்டு என்று ஆசாரம் தடுத்தது. அதற்கும் ஒரு வழி கண்டார். யானைத் தந்தத்தால் எலும்புக்கூடு ஒன்று செய்விக்க ஏற்பாடு செய்தார். ஆசாரமும் கெடவில்லை, அறிவும் நிற்கவில்லை.

தன்வந்திரி மகாலில் கையாண்டு பார்த்த முறைகள் தமிழ்ப் பாடல்களாகத் தொகுக்கப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் என்று அத்தொகுதிக்குப் பெயர். சரபேந்திரர் என்பது சரபோஜியின் மற்றொரு பெயர். கண்ணோய், குன்மம், காசசுவாசம், பாண்டு காமாலை, விஷக்கடி, பிள்ளை நோய் என்று நோய்வாரியாகப் பிரிவுகள் உண்டு. அரண்மனைப் பெட்டியில் அடங்கிக் கிடந்த சுவடிகளை இருபதாம் நூற்றாண்டில் சரசுவதி மகால் நூலகத்தார் தனித்தனிப் புத்தகங்களாக அச்சிட்டு வெளியிட்டனர். அவற்றில் ஒரு புத்தகம் முழுவதும் நீரிழிவுக்கே உரியது.

நெல் விளையும் நாட்டில் நீரிழிவு

நீரிழிவுக்குத் தனிப் புத்தகம் அமைந்தது வியப்பன்று. புது அரிசிச் சோறும், தயிரும் பாலும், வெல்லப் பண்டமும், இருந்த இடத்தை விட்டு அசையாத சுகவாசமும் இந்நோய்க்கு வித்து என்று சரகர் எப்போதோ சொல்லிவிட்டார். காவிரிக் கரையில் இந்த நான்குக்கும் குறைவு உண்டா?

நோயாளியின் சிறுநீர் இனிப்பதையும் அதை எறும்பு நாடுவதையும் நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் அறிந்திருந்தனர். ஐரோப்பாவில் 1674-ல் தாமஸ் வில்லிஸ் அந்த இனிப்பைக் குறித்து எழுதினார். அது சர்க்கரைதான் என்று மாத்யூ டாப்ஸன் 1776-ல் காட்டினார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் சரபோஜி பிறந்தார்.

நீரிழிவில் பயங்கரமானது சர்க்கரை மட்டுமன்று. அதன் பின்னால் வரும் கூட்டம். பலவீனப்பட்ட கோட்டைக்குள் பகைவன் புகுவதுபோல, சர்க்கரை மிகுந்த உடம்பில் மற்ற நோய்கள் எளிதில் புகுந்துவிடும். முதுகில் ராஜபிளவை கிளம்பும். காலில் பட்ட சிறு கீறல் புண்ணாகி ஆறாமல் நிற்கும். சிறுநீர்த் தாரையில் எரிச்சலும் சீழும் காணும். கண் மங்கும். பிரமேகக்காரனுக்குக் கட்டிகள் வரும் என்று பழைய நூல்கள் வகை பிரித்தே எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் கட்டிகளில் என்ன இருக்கிறது என்று சரபோஜி காலத்தில் உலகில் எந்த வைத்தியருக்கும் தெரியாது. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பதைப் பாஸ்டரும் காக்கும் நிலைநாட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்; மன்னர் மறைந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு.

சிறுநீர்த் தாரையிலுள்ள கிருமிகளை அடக்கும் மருந்து முதன்முதலாக வழக்கத்துக்கு வந்தது 1890-களில். மெத்தனமைன் என்பது அதன் பெயர். வாய்வழியாக உட்கொண்டால், புளிப்புத் தன்மையுள்ள சிறுநீரில் அது சிதைந்து பார்மால்டிஹைடாக மாறிக் கிருமிகளைக் கொல்லும். பிற்காலத்தில் ஸல்பா மருந்துகளும் பெனிஸிலினைப் போன்ற மருந்துகளும் வந்தபின் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். இப்போது கிருமிகள் புது மருந்துகளுக்கு மசியாமல் போகவே, மறுபடியும் பழைய மருந்தின் பக்கம் பார்வை திரும்பியிருக்கிறது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் 240 பெண்களை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மெத்தனமைனும் மறு கூறுக்கு ஆண்டிபயாடிக்கும் கொடுத்துப் பிரிட்டனில் கணக்குப் பார்த்தார்கள். தொற்றைத் தடுப்பதில் பழைய மருந்து புதியதற்குச் சளைத்ததன்று என்று 2022-ல் முடிவு வெளியாயிற்று.

ஒரு மருந்து பழையதா புதியதா, நாட்டுச் சரக்கா சீமைச் சரக்கா என்பது பொருட்டன்று. கொடுத்துப் பார்த்தார்களா, எழுதி வைத்தார்களா என்பதே கேள்வி. பிரிட்டனில் இன்று சாஸ்திரோக்தமாகச் செய்ததற்கும் தஞ்சையில் அன்று நடந்ததற்கும் வெகு தூரம் உண்டு. மருந்து உண்டவனையும் உண்ணாதவனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முறை அன்று எங்குமே வேரூன்றவில்லை. ஆயினும் திசை ஒன்றுதான்.

கண்ணுக்கு ஒரு ஏடு

மன்னரின் எழுதி வைக்கும் குணத்துக்குச் சிறந்த சாட்சி கண் வைத்தியக் குறிப்புகள். சரசுவதி மகாலில் அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. நோயாளி இன்னார், கண்ணில் இன்ன கோளாறு, செய்த சிகிச்சை இன்னது, அதன்பின் பார்வை எப்படி என்று வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். கண்களின் வர்ணப் படங்களும் கூடவே உண்டு. கண்புரைக்குச் செய்த ரண சிகிச்சைகள் அவற்றில் அடங்கும். மக்பீன் என்ற ஆங்கில டாக்டர் உதவியாக இருந்தார். மன்னர் போகுமிடமெல்லாம் ரண சிகிச்சைக் கருவிப் பெட்டியும் உடன் போகும் என்றும், கத்தியை அவரே கையில் எடுத்தார் என்றும் தஞ்சையில் ஒரு நம்பிக்கை வழங்குகிறது.

2003-ல் போன்ஸ்லே குலத்தின் வாரிசு ஒருவரும் சென்னை சங்கர நேத்ராலயாவை நிறுவிய டாக்டர் பத்ரிநாத்தும் சந்தித்துப் பேசியபோது இக்குறிப்புகளைப் பற்றிய பேச்சு எழுந்தது. பிறகு கண் டாக்டர்கள் அவற்றை ஆராய்ந்து மருத்துவ உலகுக்குத் தெரிவித்தனர். எந்த ராஜா கத்தி பிடித்தார் என்பதைக் காட்டிலும், பார்வை திரும்பாத நோயாளியையும் மறைக்காமல் குறிக்கும் முறை ஒன்று அங்கே உருவாயிற்று என்பதே பெரிது.

புத்தகமும் யாத்திரையும்

மருந்து ஒன்றே அவருடைய ஆசை அன்று. 1805-ல் அரண்மனையில் தேவநாகரி அச்சுக்கூடம் ஏற்படுத்தினார். ஈசாப்பின் கதைகள் மராத்தியில் அச்சேறின. பெரிய கோயிலின் மதிலில் போன்ஸ்லே குல வரலாற்றை மராத்தியில் நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தார். நாயக்கர் காலம் முதல் இருந்துவந்த ஏட்டுச்சுவடிச் சாலையை விரிவுபடுத்தி, ஐரோப்பிய மொழி நூல்களை ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். பல நூல்களில் அவருடைய ஆங்கிலக் கையெழுத்தை இன்றும் பார்க்கலாம்.

1820 முதல் 1822 வரை ஏறத்தாழ 3000 பேர் புடைசூழக் காசி யாத்திரை போய் வந்தார். யாத்திரையில் புண்ணியம் தேடியவர் சுவடிகளும் தேடினார். 1826 மார்ச் மாதத்தில் தஞ்சைக்கு வந்த ஹீபர் பிஷப், மகாராஜா மேனாட்டு விஞ்ஞானிகளின் பெயர்களைச் சரளமாகச் சொல்லிப் பேசுவதைக் கேட்டு வியந்து எழுதினார். ஒரு வாரத்துக்குள் அந்த பிஷப் திருச்சியில் எதிர்பாராமல் காலமானார்.

மிச்சம் இருப்பது

1832-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி சரபோஜி மறைந்தார். மகன் சிவாஜி 1855 வரை பட்டத்தில் இருந்தார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை என்று காரணம் காட்டிக் கும்பினியார் கோட்டையையும் எடுத்துக்கொண்டனர். நாடு போயிற்று, பென்ஷன் போயிற்று, பட்டமும் போயிற்று. சுவடிகள் மட்டும் தப்பின. 1918-ல் சரசுவதி மகால் பொதுச் சொத்தாயிற்று. மன்னர் தமக்காகச் சேர்த்ததை இன்று எவரும் போய்ப் படிக்கலாம்.

சரபேந்திரர் பாடல்களில் சொன்ன மருந்தெல்லாம் இன்றைக்கும் பலிக்கும் என்று எண்ணி, புத்தகத்தைப் பார்த்துத் தானே அரைத்து உண்பது அபாயம். பழைய முறைகளில் பாதரசமும் பாஷாணமும் சேர்வது உண்டு. 1921-ல் இன்ஸுலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நீரிழிவு வைத்தியமே வேறு பாதையில் போய்விட்டது. ஆவாரையும் நாவற்கொட்டையும் நெல்லியும் இன்னும் பலர் வீட்டில் இருக்கின்றன. அவற்றையும் நிறுத்துப் பார்த்து, கொடுத்துப் பார்த்து, எழுதிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். மகாராஜா உயிரோடு இருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

தஞ்சையில் 1959-ல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. காவிரி நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் நோயாளிகள் அவ்வூருக்கு வருகிறார்கள். நீரிழிவுக்காரர்கள், ஆறாத புண்ணோடு வருபவர்கள், நீர்க்கடுப்பால் துடிப்பவர்கள், பார்வை மங்கியவர்கள் எல்லோரும் அவர்களில் உண்டு. வெளிநோயாளிப் பகுதியில் ஒரு சீட்டு எழுதுகிறார்கள். பெயர், வயது, ஊர், நோய், கொடுத்த மருந்து, அடுத்த முறை வரும்போது கண்ட குணம்.

அந்தச் சீட்டைக் கையில் வாங்குகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இரு நூற்றாண்டுகளுக்கு முன்னால் அதே ஊரில், ஆள்வதற்கு நாடு இல்லாத ஒரு மன்னர் அப்படிப்பட்ட சீட்டுகளைத்தான் அரண்மனைப் பொக்கிஷத்தோடு சேர்த்து வைத்தார்.